தேவ்னார் எரிந்தது, மும்பையில் கட்டடம் நின்றது

2016 மார்ச் 1 முதல் மும்பை மாநகரத்தில் புதிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 29 அன்று, அப்படி ஓர் ஆணையைப் பிறப்பித்தது. புதிய வீட்டுக் கட்டடம், ஓட்டல், வணிக வளாகம் எதற்கும் மாநகராட்சி ஒப்புதல் தரக்கூடாது. நாட்டிலேயே நிலம் அதிக விலை போகும் நகரத்தில், கட்டுமான முதலாளிகள் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிட்ட நகரத்தில், ஒரு நீதிமன்றம் "நிறுத்து" என்றது. காரணம் குப்பை. அந்தக் குப்பையில் பிடித்த தீ.

நம்மிடம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள் கீழ்வெண்மணியை அறிவார்கள். 1968 டிசம்பர் 25, ஒரே குடிசை, 44 உயிர். தீ என்றால் நமக்கு அதுதான் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். ஆனால் யாரும் தீக்குச்சி கிழிக்காமல், ஆண்டுக்கணக்கில், நம் மக்களின் நுரையீரலுக்குள் எரிந்துகொண்டிருக்கும் தீயைப் பற்றி நாம் துண்டறிக்கை போட்டதில்லை. அது "சுற்றுச்சூழல் பிரச்சினை" என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அதை வேறு யாருடைய வேலையோ என்று விட்டுவிட்டோம். அதனால்தான் இந்தக் கட்டுரை தேவ்னாரைப் பற்றியது.

2016 சனவரி 27 இரவு தேவ்னார் குப்பைமேட்டில் பிடித்த தீ நாட்கணக்கில் அணையவில்லை. புகை நகரத்தின் மீது படுத்துக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் மாநகராட்சிப் பள்ளிகளை மூடினார்கள். விண்வெளியிலிருந்து நாசாவின் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் அந்தப் புகை தெரிந்தது. அந்தப் படம்தான் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. மார்ச் 20 அன்று மறுபடியும் பெரிய தீ.

குப்பைமேட்டில் ஏன் தீப்பிடிக்கிறது? இது தெரியாமல் வழக்கையும் புரிந்துகொள்ள முடியாது. காற்றுப் புகாத ஆழத்தில் மக்கும் குப்பை மீத்தேன் வாயுவை விடுகிறது. உள்ளே சூடு ஏறுகிறது. பிளாஸ்டிக்கும் துணியும் மரமும் மக்கும் குப்பையும் கலந்து கிடப்பதால் ஒரு பொறி போதும். மேலே தெரியும் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். பத்து மாடி உயரக் குன்றின் வயிற்றுக்குள் கனன்றுகொண்டிருப்பதைத் தண்ணீர் எட்டாது. இது நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. குப்பையைப் பிரித்து வாங்க வேண்டும், மக்குவதை உரமாக்க வேண்டும், மிச்சத்தை மட்டும் கொட்டி அன்றாடம் மண் போட்டு மூட வேண்டும். 2000ஆம் ஆண்டின் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் இதைத்தான் சொல்லின. கழிவைப் பதப்படுத்தும் ஏற்பாடுகளை 2003 டிசம்பர் 31க்குள் செய்து முடிக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தன. கெடு முடிந்து 12 ஆண்டுகள் கழித்தும் நாளொன்றுக்கு 9,000 டன்னுக்கு மேல் குப்பை போடும் மும்பை, அதில் பெரும் பகுதியை அப்படியே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது. நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி அது. பணம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீதிபதி அபய் ஓகா அமர்வு வழங்கிய ஆணையின் சட்ட அடிப்படை இந்த விதிமீறல்தான். வழக்கு சனவரித் தீக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது; தீ வந்து அதற்கு அவசரம் கொடுத்தது. புதிய வீடு என்றால் புதிய குப்பை, இருக்கும் குப்பைக்கே வழி இல்லாதபோது இன்னும் வீடு கட்ட விடுவது எப்படி நியாயம் என்பது நீதிமன்றத்தின் வாதம். சாதாரண ஆள் கேட்கும் கேள்விதான். ஆனால் அதை ஒரு நீதிமன்றம் கேட்க 2016 வரை ஆனது.

சரி, குப்பை ஏன் தேவ்னாருக்குப் போனது? இங்கேதான் நம் வரலாறு தொடங்குகிறது.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. ஆயிரக்கணக்கில் சாவு, லட்சக்கணக்கில் மக்கள் ஊரைவிட்டு ஓட்டம். வெள்ளை அதிகாரிகளும் மேல்தட்டு இந்தியர்களும் நோயை அழுக்கோடும், அழுக்கை ஏழைகளோடும் சேர்த்துப் பார்த்தார்கள். வீடு புகுந்து சோதனை, கட்டாயமாக மருத்துவமனைக்கு இழுத்துப்போவது, உடைமைகளை எரிப்பது எல்லாம் நடந்தது. இதற்கு நடுவில் ஒரு விஷயம் நாம் கவனிக்க வேண்டியது. அன்றைய நகராட்சி ஆணையர் ஸ்னோ, 1896 அக்டோபரில் போட்ட கடுமையான உத்தரவுகளைத் தானே தளர்த்தினார். மக்கள் எதிர்ப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் நகரத்தின் மலம் அள்ளுபவர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் ஊரைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். அவர்கள் போனால் பம்பாய் இரண்டு நாளில் நாறிவிடும் என்பது நகராட்சிக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தொழிலாளிக்கு நகராட்சிச் சட்டத்திலேயே ஒரு பெயர் இருந்தது: ஹலால்கோர். அந்தப் பெயரில் வரியே வசூலித்தார்கள், ஹலால்கோர் வரி. தொழிலுக்குப் பெயர், வரிக்குப் பெயர், அதைச் செய்யும் சாதிக்கும் பெயர், எல்லாம் ஒன்றுதான். நகரம் நவீனமானது, தார்ச்சாலை வந்தது, டிராம் வந்தது. குப்பையும் மலமும் மட்டும் பிறப்பால் ஒதுக்கப்பட்டவர் கையிலேயே இருந்தன.

பிளேக்குக்குப் பிறகு 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெருக்கமான பகுதிகளை இடித்துக் காற்றும் வெளிச்சமும் கொண்டுவருவது நோக்கம் என்றார்கள். இடித்தார்கள். இடித்த அளவுக்கு ஏழைகளுக்குக் கட்டவில்லை. கட்டியவற்றில் ஒன்றுதான் பரேலில் உள்ள ஒற்றை அறைச் சால். அண்ணல் அம்பேத்கர் தம் குடும்பத்தோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தது அப்படிப்பட்ட டிரஸ்ட் சாலில்தான். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவந்தவர் அந்தச் சாலின் பொதுத் தாழ்வாரத்தில் நடந்தார். பிறகு 1930களில் பம்பாய் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். வீடும் குப்பையும் நம் இயக்கத்தில் இரண்டு தனித்தனி அத்தியாயங்களாக இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

அதே பிளேக் காலத்து அச்சம்தான் குப்பையையும் ஊரைவிட்டு வெளியே தள்ளியது. வடகிழக்கே, ஊருக்கு வெளியே, செம்பூர் சதுப்பு நிலம். அங்கே குப்பை கொண்டுபோக ரயிலே விட்டார்கள். கச்ரா ரயில். குர்லாவிலிருந்து செம்பூருக்கு இன்று பயணிகள் நெருக்கியடித்துப் போகும் பாதை முதலில் குப்பைக்காகப் போடப்பட்ட பாதை. 1924இல்தான் அதில் மனிதர் ஏற முடிந்தது. தேவ்னார் குப்பைக்கிடங்குக்கு நகராட்சிக் கணக்கில் பிறந்த ஆண்டு 1927. சதுப்பு நிலம், கழிமுகம், அலையாத்திக் காடு. இவற்றின் மேல் ஏறத்தாழ 326 ஏக்கரில் குப்பை ஏறத் தொடங்கியது.

ஊர்க் கோடியில் சேரி, சேரிக்கு அப்பால் சுடுகாடு, செத்த மாடு உரிக்கும் இடம். நம் கிராமங்களின் வரைபடம் எல்லோருக்கும் தெரியும். மாநகரம் அதே வரைபடத்தைப் பெரிய தாளில் வரைந்தது. 1971இல் பாந்த்ராவிலிருந்த மாடு வெட்டும் கூடம் தேவ்னாருக்கு வந்தது. சற்றுத் தள்ளி டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அணு ஆராய்ச்சி நிலையம். பிற்பாடு நகரத்து மருத்துவமனைக் கழிவையெல்லாம் எரிக்கும் ஆலை. நகரத்துக்கு வேண்டும், ஆனால் பக்கத்தில் வேண்டாம் என்று தோன்றியவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியில் மனிதர்களும் வந்தார்கள். வந்தார்கள் என்று சொல்வது தப்பு. கொண்டுவந்து இறக்கினார்கள்.

1970களில் நகரத்தின் நடைபாதைகளிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களைக் குப்பைமேட்டின் ஓரத்தில், சிவாஜி நகர், பைங்கன்வாடி போன்ற இடங்களில் குடியேற்றினார்கள். 1972 பஞ்சத்தில் மராத்வாடாவிலிருந்து வந்த தலித்துகள் இருந்தார்கள், உத்தரப் பிரதேசத்து முஸ்லிம்கள் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். 1992-93 கலவரத்துக்குப் பிறகு வேறெங்கும் வாடகைக்கு வீடு கிடைக்காத முஸ்லிம்கள் இன்னும் வந்தார்கள். குப்பைமேட்டில் பிழைப்பவர்கள் இந்த இரண்டு மக்களும்தான். "தலித் பிரச்சினை", "சிறுபான்மையினர் பிரச்சினை" என்று மேடைக்கு மேடை பிரித்துப் பேசுபவர்கள் ஒரு நாள் அந்த மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும்.

தமிழர் கதை ஒன்று இங்கே உண்டு. டிராம்பேயில் ஜனதா காலனி என்ற குடியிருப்பு, தமிழர்கள் நிறைய. அங்கே வந்து சேர்ந்த கோலார் தங்கவயல் இளைஞர் ஒருவர், தச்சு வேலை தெரிந்தவர், அதிகம் படிக்காதவர். பெயர் ஜாக்கின் அற்புதம். காலனியில் குப்பை அள்ள நகராட்சி ஆள் அனுப்புவதில்லை. மனு கொடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1960களில் ஒரு நாள் ஜாக்கின் காலனிப் பிள்ளைகளைத் திரட்டி, சுற்றுலாப் போகிறோம், ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைத் தாளில் பொட்டலம் கட்டி எடுத்து வாருங்கள் என்றார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வரிசையாகப் போய் நகராட்சி அலுவலக வாசலில் பொட்டலத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதன் பிறகு குப்பை வண்டி வந்தது. அவரே பின்னாளில் எழுதி வைத்த சம்பவம் இது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், அணு ஆராய்ச்சி நிலையத்துக்காக அந்தக் காலனியையே தரைமட்டமாக்கினார்கள். சுமார் 70,000 பேர். கொண்டுபோய் விட்ட இடம் சீத்தா கேம்ப், அதே டிராம்பே ஓரம். ஜாக்கின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார், 2000இல் மகசேசே விருது வாங்கினார், 2018இல் மறைந்தார். அவர் அரசோடும் உலக வங்கித் திட்டங்களோடும் போன சமரசங்களில் நமக்கு உடன்பாடு இல்லாதவை உண்டு. அந்தக் குப்பைப் பொட்டலங்களில் நமக்கு முழு உடன்பாடு.

இப்படித் திரண்ட பகுதிக்கு மாநகராட்சி வைத்த பெயர் "எம்-கிழக்கு வார்டு". மாநகராட்சியே 2009இல் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடம் இதற்கு. குறியீட்டெண் 0.05. சராசரி ஆயுள் 39 வயது சொச்சம். மும்பைக்குள், கடற்கரை அடுக்குமாடிகளிலிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில், 39 வயது. ஏழாண்டு கழித்துத் தீ வந்தபோது "திடீர் நெருக்கடி" என்று எழுதினார்கள்.

தீக்குப் பிறகு இரண்டு விதமான தடைகள் வந்தன. ஒன்று கட்டடத்துக்கு. அதைப் பற்றி நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. வீட்டு விலை ஏறும், வேலை போகும் என்றார்கள். கட்டுமான நிறுவனங்களின் சங்கம் உச்சநீதிமன்றம் போனது. இன்னொரு தடை குப்பை பொறுக்குபவர்களுக்கு. மேட்டுக்குள் நுழையக்கூடாது. சுற்றுச்சுவரை உயர்த்தினார்கள், காவலாளிகளைக் கூட்டினார்கள், கேமரா வைத்தார்கள். தீ வைத்தது இவர்கள்தான், செம்புக் கம்பிக்காகக் கொளுத்துகிறார்கள் என்றார்கள். பழைய இரும்பு வியாபாரிகள் சிலரும் மேட்டில் பிழைப்பவர்களும் கைதானார்கள். கம்பிக்காகச் சிறு சிறு தீ வைப்பது அங்கே நடப்பதுதான், அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆழத்தில் பத்தாண்டுக்கணக்கில் மீத்தேனைச் சேர்த்து வைத்தது ஒரு பெண்ணின் கையிலிருந்த தீப்பெட்டி இல்லை. 2003 கெடுவை மீறிய எந்த அதிகாரி கைதானார்? நகரத்தின் பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பி, அந்த மேடு இன்னும் வேகமாக வளராமல் பார்த்துக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள்தான். மாநகராட்சி செய்ய வேண்டிய வேலையைக் கூலி வாங்காமல் செய்தவர்களுக்குத்தான் முதலில் கதவு மூடியது. கட்டுமான முதலாளிக்குத் தடை என்றால் உச்சநீதிமன்றத்துக்கு மனு. குப்பை பொறுக்குபவருக்குத் தடை என்றால் இரவில் சுவரேறிக் குதிப்பது.

குப்பை வண்டித் தொழிலாளர்களின் கதையும் அதே ஆண்டுகளில்தான் நடந்தது. ஒப்பந்த முறையில், மாநகராட்சியின் ஊழியர் என்ற அடையாளமே இல்லாமல் குப்பை அள்ளிய 2,700 பேர், பெரும்பாலும் தலித்துகள், கச்ரா வாஹ்துக் ஷ்ரமிக் சங் என்ற சங்கத்தின் மூலம் வழக்காடி, 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தில் நிரந்தர வேலைக்கான தீர்ப்பு வாங்கினார்கள். இந்தச் செய்தி கட்டுமானத் தடைச் செய்தியின் கால்வாசி இடத்தைக்கூடப் பெறவில்லை. மாணவத் தோழர்கள் இதைத் தனியே தேடிப் படிக்க வேண்டும்.

இனி அந்த ஆணையில் இருந்த விதிவிலக்குக்கு வருவோம். நமக்கு முக்கியமானது அதுதான். தடை எல்லாக் கட்டடத்துக்கும் இல்லை. மருத்துவமனை, கல்வி நிலையம், பழைய கட்டடங்களின் மறுசீரமைப்பு ஆகியவற்றோடு குடிசை மாற்றுக் கட்டடங்களுக்கும் விலக்கு. முதல் பார்வையில் இது கருணை. ஏழைகளின் வீட்டை நிறுத்தாதே என்று நீதிமன்றம் சொல்கிறது. நாமும் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்போம். ஆனால் குடிசை மாற்றுக் கட்டடத்துக்கு அதற்கு 20 ஆண்டுகள் முன்பிருந்தே வேறொரு விலக்கும் இருந்தது. அது காற்றிலிருந்து, வெளிச்சத்திலிருந்து, தீயணைப்பு வண்டி வரும் வழியிலிருந்து விலக்கு.

1995இல் மகாராஷ்டிர அரசு குடிசை மறுவாழ்வு ஆணையத்தை அமைத்தது. திட்டம் இது: 1995 சனவரி 1க்கு முன் குடியிருந்ததற்குச் சான்று காட்டுபவர்களுக்கு 225 சதுர அடியில் இலவச வீடு. கட்டித் தரும் முதலாளி அதே மனையின் மிச்சத்தில் கூடுதல் மாடிகள் எழுப்பிச் சந்தை விலைக்கு விற்கலாம், அல்லது அந்த உரிமையை வேறிடத்துக்கு எடுத்துப்போகலாம். அதாவது ஏழையின் வீட்டுக்கு அரசு பணம் தராது. ஏழை காலி செய்யும் நிலம் தரும். அப்படியானால் ஏழையை எவ்வளவு சின்ன இடத்தில் அடுக்க முடியுமோ அவ்வளவு லாபம். விதிகளும் அதற்கு ஏற்ப வளைந்தன. ஒரு ஹெக்டேரில் குறைந்தது 500 வீடு இருக்க வேண்டும் என்றார்கள். குறைந்தது! மற்றக் கட்டடங்களுக்குக் கட்டாயமான சுற்றுத் திறந்தவெளி இவற்றுக்குக் குறைக்கப்பட்டது.

நிலம் மலிவாகக் கிடைத்த எம்-கிழக்கு வார்டில் இந்தக் கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. ரயில் பாதை ஓரத்திலிருந்தும் சாலை ஓரத்திலிருந்தும் உலக வங்கிக் கடன் திட்டத்துக்காக அகற்றப்பட்டவர்களை இங்கேதான் அடுக்கினார்கள்: லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரிக் காம்பவுண்ட், வாஷி நாக்கா. நட்வர் பாரிக்கில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி 3 மீட்டர். கீழ்மாடிகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். 2018இல் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பின் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, லல்லுபாயிலும் நட்வர் பாரிக்கிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு வீட்டில் காசநோய் வந்திருந்ததைக் கண்டது. அதே வட்டாரத்தில், கட்டடங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டுக் கட்டிய மற்றொரு காலனியில் நூறில் ஒன்று. குடும்பங்களின் வருமானம் அதிகம் வேறுபடவில்லை. சன்னலும் இடைவெளியும்தான் வேறுபட்டன.

3 மீட்டர் சந்தில் தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. உயரமான கட்டடத்தைச் சுற்றி 6 மீட்டர் வேண்டும் என்பது பொது விதி. இதன் விலை என்ன என்று 2023 அக்டோபர் 6 விடியற்காலை 3 மணிக்குத் தெரிந்தது. கோரேகாவ் மேற்கில் ஜெய் பவானி என்ற குடிசை மறுவாழ்வுக் கட்டடம், 2006இல் ஒப்படைக்கப்பட்டது. குடியிருந்தவர்களில் பலர் குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்தார். பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்கி, தைத்து, சந்தையில் விற்பவர்கள். துணி மூட்டை வைக்க வீட்டில் இடம் ஏது? கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வைத்திருந்தார்கள். அங்கே தீப்பிடித்தது. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. இருந்தது அந்த ஒரு வழிதான். 7 பேர் இறந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயம். தீயணைக்கும் சாதனங்கள் இருந்தும் இல்லாத நிலை. பிறகு அரசு, பழைய குடிசை மறுவாழ்வுக் கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு வைக்கப்போவதாக அறிவித்தது.

அன்று தொலைக்காட்சியில் பேசியவர்களில் சிலர் துணி மூட்டையைக் குற்றம் சொன்னார்கள். தேவ்னாரில் தீப்பெட்டி, இங்கே துணி மூட்டை. இரண்டு இடத்திலும் பிழைப்புதான் குற்றவாளி. 225 சதுர அடி வீடு கொடுக்கும்போது அந்தக் குடும்பம் என்ன தொழில் செய்கிறது, சரக்கை எங்கே வைக்கும் என்று திட்டம் போட்டவர் யாரும் கேட்கவில்லை. குடிசையில் இருந்தபோது வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்தது. அடுக்குமாடியில் பட்டறைக்கு வரைபடத்தில் இடமில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு 2016 ஆணையை மறுபடி பாருங்கள். நிறுத்தப்பட்டது வசதியானவர்களின் வீடு. அந்த வீடுகளில் சன்னலும் தீயணைப்புக் குழாயும் இருக்கும். நிறுத்தப்படாதது ஏழைகளின் வீடு. அவற்றைத்தான் நிறுத்தி, இடைவெளி போதுமா, படிக்கட்டு போதுமா என்று பரிசோதித்திருக்க வேண்டும். ஒட்டுமொத்தமாக நிறுத்தியிருந்தாலும் பாதகம்தான். தற்காலிகக் கொட்டகைகளில் காத்திருப்பவர்களின் காத்திருப்பு இன்னும் நீளும். அதனால் நீதிமன்றத்தைக் குறை சொல்லிவிட்டு நகர நமக்கு மனமில்லை. சிக்கல் விதியிலேயே இருக்கிறது. ஏழையின் கட்டடத்துக்குத் தனி விதிப் புத்தகம் இருக்கும்வரை, கட்டினாலும் நிறுத்தினாலும் அடி ஏழைக்கே.

தடை இரண்டு ஆண்டு நீடித்தது. 2018 மார்ச் 15 அன்று உச்சநீதிமன்றம், நீதிபதிகள் எஸ்.ஏ. பாப்டே, எல். நாகேஸ்வர ராவ் அமர்வு, ஆறு மாத காலத்துக்கென்று நிபந்தனையோடு அதைத் தளர்த்தியது. கட்டட இடிபாடுகளைத் தேவ்னாரிலும் முலுண்டிலும் கொட்டக்கூடாது, குறித்த இடங்களில் மட்டுமே கொட்ட வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. ஆறு மாதம் பிறகு நீண்டது. அதே 2018 ஆகஸ்டு கடைசியில் உச்சநீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, திடக்கழிவுக் கொள்கை வகுக்காத மாநிலங்களில் கட்டுமானத்துக்கே தடை போட்டது. மகாராஷ்டிரமும் அதில் இருந்தது. அதுவும் விரைவில் விலகியது. முலுண்ட் கிடங்கை அந்த ஆண்டு மூடினார்கள். பெரும்பகுதிக் குப்பை காஞ்சூர்மார்குக்குத் திரும்பியது. தேவ்னாரை மூடுவதற்கான கெடுக்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. மும்பைக்கு மட்டும் உரிய கதை இல்லை. 2022 ஏப்ரலில் நம் பெருங்குடியும் 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரமும் நாட்கணக்கில் எரிந்தபோது நாம் பார்த்ததும் இதே புகைதான்.

இப்போது தேவ்னாருக்கு ஒரு புதிய எதிர்காலம் தீட்டப்பட்டிருக்கிறது. தாராவியை அதானி குழுமத்தோடு சேர்ந்து மறுசீரமைக்கும் திட்டத்தில் "தகுதியுள்ளவர்", "தகுதியற்றவர்" என்று மக்களைப் பிரிக்கிறார்கள். 2000 சனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று இருந்தால் தாராவியிலேயே வீடு. இல்லையென்றால் வெளியே. மாடியில் வாடகைக்கு இருப்பவர், பிற்பாடு வந்தவர், தாள் தொலைத்தவர் எல்லாம் வெளியே. நெல்லையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் தோல் பதனிடப் போன நம் மக்களின் பிள்ளைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. 2024 அக்டோபரில் மகாராஷ்டிர அமைச்சரவை, தகுதியற்றவர்களுக்கு வீடு கட்ட ஒதுக்க ஒப்புதல் அளித்த நிலங்களில் ஒன்று தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். 2025இல் மாநகராட்சி அந்தக் குன்றை அகற்ற ஒப்பந்தப்புள்ளி கோரியது. சுமார் 1 கோடியே 85 லட்சம் டன் பழைய குப்பை, மதிப்பீடு 2,368 கோடி ரூபாய், மூன்றாண்டு அவகாசம். அகற்றி முடித்த பிறகு அந்த மண்ணில் மீத்தேன் எவ்வளவு, எந்த ஆழத்தில் என்ன உலோகம், அங்கே எழும் கட்டடங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் விடப்போகிறார்கள் என்ற கேள்விகளை மும்பைத் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டிய நேரம் இது. கேட்க விரும்புகிறவர்களுக்கு மனு எழுத நாங்கள் உதவுகிறோம். மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.